மூஞ்சிக்கு ஒரு பிடி

அண்ணாச்சி, கொஞ்சம் அந்தப் பக்கத்தைப் பிடிச்சுக்கிடுங்க. சட்டத்தை மட்டும் பிடிங்க, நடுவுல கை வச்சிராதீங்க. ஈரம். வேட்டிதானே சுத்தியிருக்குன்னு நெனைக்காதீங்க, உள்ள ஆயில் பெயிண்டு. நாலு மூலையிலயும் தீப்பெட்டியை ஒட்டி, அதுக்கு மேல வேட்டியை இழுத்துக் கட்டியிருக்கேன். துணி படத்துல படக்கூடாதுல்லா. ஒரு அழுத்து அழுத்துனா எங்கண்ணன் மூக்கு வேட்டிக்கு வந்துரும்.

ஆமா, எங்கண்ணன் படம்தான். அந்தக் கண்டக்டர் என்ன கேட்டான் பாத்தீங்களா? "கண்ணாடியா அண்ணாச்சி? உடைஞ்சா நான் பொறுப்பில்ல, பின்னாடி கொண்டு போங்க"ங்கான். கண்ணாடி இல்ல வே, எங்கண்ணன், செத்து இன்னைக்குப் பதினாறாம் நாள், பந்தல்ல வைக்கணும்னு சொல்லுதேன், காதுலயே வாங்கல. பின்னாடி எங்கே வைக்க? வெங்காய மூட்டையும் கோழிக்கூடையும் கெடக்கு. செத்தவனை அதுக்கு நடுவுலயா கொண்டு போய் நிறுத்த? நானும் ஒரு சத்தம் போட்டேன். இப்ப முறைச்சுக்கிட்டே விசில் அடிக்கான். அடிக்கட்டும்.

நீங்க சங்கரன்கோயில் வரைக்கும் போறீங்களா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முன்னாடியே பனையடிப்பட்டி விலக்கு ரோட்டுல இறங்கிருவேன். அதுவரைக்கும் பிடிச்சுக்கிடுங்க, புண்ணியமாப் போகும்.

டவுன்ல தேரடிப் பக்கம் நாயகம் ஆர்ட்ஸ்னு என் கடை போர்டு பாத்திருப்பீங்களே? பாத்ததில்லையா? சரி, விடுங்க. உங்க வீட்டுல யாரும் இன்னும் சாகலபோல. நல்லா இருக்கட்டும். நான் வரையுறது பூரா செத்தவங்களைத்தான். படத்திறப்புன்னு வைப்பாகல்லா, பந்தல்ல நாற்காலி மேல படத்தை வச்சு, திரையை விலக்கி, மாலை போட்டு, நாலு பேரு பேசுவாக. அந்தப் படம். போட்டோவைப் பெருசாக்கி வச்சாப் போதாதான்னு கேப்பீங்க. வைக்கலாம். யாரு வேண்டாங்கா? ஆனா என் படத்துக்குத் திரையை விலக்குனா பந்தல்ல இருக்கிற பொம்பளைங்க ஓன்னு அழுவாக. "எய்யா, அப்படியே உக்காந்திருக்காகளே"ம்பாக. அதுக்குத்தான் என்னைத் தேடி வாராக.

ஒரு காலேஜ்ல என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னாக. ஓவியம் படிக்கிற பிள்ளைங்க. போர்டுல 'கலைஞனுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது'ன்னு எழுதிப் போட்டிருந்தாக. ஒரு பிள்ளை எந்திரிச்சு, "சார், எனக்கு ஒரு மாசமா ஒண்ணுமே வரமாட்டேங்குது, என்ன செய்ய?"ன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், அம்மா, உந்துதலும் கிடையாது, இழுத்தலும் கிடையாது, பிடி வேணும். கிணத்துல இறங்குறவனுக்குக் கயிறு மாதிரி, மூஞ்சிக்கு ஒரு பிடி. அது எங்கே இருக்குன்னா, குறையில இருக்குன்னேன்.

அதான் என் தொழில் ரகசியம். உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க என்ன கடையா போடப் போறீங்க? செத்த வீட்டுக்குப் போனதும் நல்லது நல்லதாச் சொல்லுவாக. தங்கமான மனுசன், வாரி வாரிக் குடுப்பாரு, எறும்புக்குக் கூட இரக்கப்படுவாரு. அதை வச்சு வரைஞ்சா பொம்மைதான் வரும். நான் சும்மா இருக்க மாட்டேன். கோவம் வந்தா என்ன செய்வாரு? யாரைக் கண்டா ஆகாது? எதுக்கு அடிப்பாரு? கிண்டிக்கிட்டே இருப்பேன். ஒரு அரிசி மில் முதலாளி வீட்டுல மூணு மகனும் வரிசையா நின்னு புகழ்ந்தானுக. அந்தம்மா மூலையில உக்காந்திருந்துச்சு. நீங்க சொல்லுங்கம்மான்னேன். "அவுக சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வீட்டுல யாரும் சிரிக்கக் கூடாது"ன்னுச்சு. மகன்கள் முகத்துல ஈயாடல. எனக்கு அந்த இடத்துலயே உதடு கிடைச்சிட்டு. வீட்டுக்கு வந்து ஒரே இருப்புல வரைஞ்சேன். திரையை விலக்குனதும் பந்தல்ல சிரிச்சுக்கிட்டிருந்த சின்னப் பிள்ளைங்க கூட வாயை மூடிட்டு. தெரியுமா?

எனக்கே சோம்பல் வர்ற நாள் உண்டு. பிரஷ்ஷை எடுத்தா கை கனக்கும். அப்ப என்ன செய்வேன்? அதுக்கும் ஒரு மருந்து வச்சிருந்தேன். எங்கண்ணனை நெனைச்சுக்கிடுவேன். ரத்தம் சுர்ருன்னு ஏறும். பாருல, நான் யாருன்னு காட்டுதேன் பாருன்னு உக்காருவேன். பிறகு சோறு தண்ணி ஞாபகம் வராது. நான் வரைஞ்ச அத்தனை படத்துக்கும் உள்ளுக்குள்ள அவன் மேல இருந்த கோவம்தான் எண்ணெய். செத்தவனை அவன் இவன்னு சொல்லுதேன்னு பாக்காதீங்க. கூடப் பொறந்தவன்தானே.

என்ன கோவமா? இந்தா பாருங்க, என் புருவத்தை. வலது புருவம். வெட்டுத் தெரியுதா? முடியே முளைக்காது. அவன் போட்டது. எங்கப்பா நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே போயிட்டாரு. ஒரே ஒரு போட்டோதான் இருந்துச்சு, சுவத்துல மாட்டியிருந்தாக. அந்தப் போட்டோவுல அப்பா அப்பா மாதிரியே இல்ல. கண்ணு பாதி மூடி, தூங்கி விழுந்தாப்புல இருப்பாரு. எனக்குப் பொறுக்கல. அம்மா கண்மையை எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, கண்ணைத் திறந்து விட்டேன். சத்தியமாச் சொல்லுதேன், அதான் நான் வரைஞ்ச மொதப் படம். அண்ணன் பள்ளிக்கூடத்துல இருந்து வந்தான். பாத்தான். இருக்கிற ஒரே படத்தைக் கெடுத்துட்டியேலன்னு கத்திக்கிட்டு, கையில இருந்த சிலேட்டை வீசினான். அது என் மூஞ்சியில வந்து விழுந்துச்சு. ரத்தம் கண்ணை மறைச்சிட்டு. தையல் போடும்போது அவன் பக்கத்துல நின்னானா இல்லையான்னு கூட எனக்கு ஞாபகமில்ல. அன்னைக்கோட அண்ணன் தம்பிங்கிறது பேருக்குத்தான்.

பிறகு அவன் வாத்தியாராயிட்டான். ஆவுடையப்பன் சார்னா பனையடிப்பட்டியில எல்லாருக்கும் தெரியும். நான் டவுன்ல கடை போட்டேன். நல்லது கெட்டதுக்குப் போவோம் வருவோம், ஆனா பேச்சு கிடையாது. டவுனுக்கு வந்தா என் கடை வாசல்ல வந்து நிப்பான். உள்ள வரமாட்டான். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, பரீட்சை ஹால்ல நிக்கிற மாதிரி நிப்பான். நான் வரையுறதைப் பாப்பான். நல்லாருக்குன்னும் சொல்ல மாட்டான், நல்லாயில்லன்னும் சொல்ல மாட்டான். போயிருவான். பாருங்க திமிரை! ஒரு வார்த்தை சொன்னா வாய்முத்து உதிர்ந்திருமா? என் பொஞ்சாதி பகவதி, "உள்ள வாங்க அத்தான், காப்பி குடிச்சிட்டுப் போங்க"ம்பா. "இருக்கட்டும்மா"ன்னுட்டு, கட்டின கையை அவுக்காமலே நடந்து போயிருவான். எனக்கு வயிறு எரியும். எரியட்டும்னு உக்காந்து வரைவேன்.

இப்ப திடீர்னு நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு விழுந்துட்டான். கொள்ளி வச்சுட்டு வந்து உக்காந்திருக்கோம், எங்க மதினி வந்து நிக்கா. செண்பகம் மதினி. "தம்பி, அவுக படத்தை நீங்கதான் வரையணும். வேற படம் வைக்க மாட்டேன். அவுக மூஞ்சி உங்களை விட யாருக்குத் தெரியும்?"னா. தெரியும் மதினின்னேன். சபையில வேற என்ன சொல்ல?

ஒரு போட்டோ குடுத்தாக. ரிட்டையர் ஆனப்ப எடுத்தது. பொன்னாடையும் ரோஜாமாலையும் போட்டு மூடி வச்சிருக்காக. ஒரு காது இல்ல, தாடை இல்ல. நானும் வழக்கம்போல ஆரம்பிச்சேன். கோவம் வந்தா என்ன செய்வாருன்னு மதினியைக் கேட்டேன். "கோவமா? அவுகளுக்கா?"ங்கா. தெருவுல கேட்டேன். வாத்தியார் கம்பே எடுக்க மாட்டாருன்னானுக. கம்பு எடுக்காதவன் என்ன வாத்தியார்ங்கேன்? அவன்கிட்டப் படிச்சவன் ஒருத்தன், இப்ப அவனுக்கே தலை நரைச்சிட்டு, அவன் சொல்லுதான், "சார், நாங்க சிலேட்டைக் கீழ போட்டாக் கூட ஓடி வந்து எடுப்பாரு"ன்னு. இதை வச்சிக்கிட்டு நான் என்ன வரைய? கடைசியா அவன் மக மங்கையைக் கேட்டேன். ஒரு குறை கூடவா இல்லன்னேன். அது யோசிச்சு, "இருக்கு சித்தப்பா. அப்பா எங்களைத் தூக்கிக் கொஞ்சினதும் இல்ல, அடிச்சதும் இல்ல. கோவம் வந்தா கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வாசல் தாண்டிப் போயிருவாரு. கோவம் ஆறுற வரைக்கும் கையை அவுக்க மாட்டாரு. எங்களுக்கு ஒரு அடி வாங்கிட்டாக் கூடப் பரவாயில்லைன்னு இருக்கும்"னுச்சு.

எனக்குச் சப்புன்னு போச்சு. இது ஒரு குறையா? இதுல எங்கே இருக்கு பிடி? நான் வரையப் போறது நெஞ்சு வரைக்கும், இதுல கையை எங்கே கொண்டு போய் வைக்க?

வீட்டுக்கு வந்து உக்காந்தா ஒண்ணும் வரல, அண்ணாச்சி. நான் பொய் சொல்லல, பயந்துட்டேன். கேன்வாஸ் வெள்ளையா நிக்கி. போட்டுப் போட்டு அழிக்கேன். வழக்கமா எனக்கு வேகம் வேணும்னா அவனை நெனைப்பேன். இப்ப அவனை வரையவே அவனை நெனைச்சா ஒண்ணும் ஏறல. அவன் இல்லல்லா இப்போ? யாருக்குக் காட்ட? வாசல்ல யாரு வந்து நிக்கப் போறா? இனிமே எந்தப் படமும் வராதோன்னு பிரஷ்ஷைக் கீழ வச்சிட்டேன். எனக்கு வேற தொழில் தெரியாது.

மதினி போன் மேல போன். "தம்பி, ஆச்சா? நாற்காலி போட்டாச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பூராவும் வாராக"ங்கா. நான் ஆச்சு ஆச்சுங்கேன். அங்கே ஒண்ணும் ஆகல.

பிறகு ஒரு வழி தோணுச்சு. அண்ணன் தம்பிக்கு ஒரே தாடை, ஒரே காது, எங்க வீட்டு ஆம்பளைகளுக்கு எல்லாம் ஒரே அச்சு. போட்டோவுல இல்லாததைக் கண்ணாடியில பாத்துப் போட்டா என்ன? பீரோக் கண்ணாடிக்கு முன்னாடி படம் வைக்கிற ஸ்டாண்டைத் தூக்கிட்டுப் போனேன். பாதிப் பேரு செய்யுற வேலைதான், தப்பு கிடையாது. காதைப் போட்டேன். தாடையைப் போட்டேன். போடப் போட சூடு ஏறுது. அங்கேயே நின்னு அவனை ஏசினேன். ஏம்ல ஒரு வார்த்தை சொல்லல? நல்லாருக்குன்னு சொன்னா உன் நாக்கு அழுகியா போயிரும்? இப்படிப் போறவன் ஏம்ல சொல்லாமப் போனன்னு கத்துதேன், அழுகை வேற வருது, கை தானா ஓடுது. எத்தனையோ படம் போட்டிருக்கேன், அப்படி ஒரு ஓட்டம் ஓடினதே கிடையாது. இன்னைக்கு விடிஞ்சு பால்காரன் வரும்போது முடிச்சிட்டேன். வந்துட்டாம்லான்னு சத்தம் போட்டேன்.

பகவதி அடுப்படியில இருந்து வந்தா. பாத்தா. தாலியை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "ஏங்க, இதைக் கொண்டு போகாதீங்க"ன்னா. பாருங்க, அத்தான் மேல அவளுக்கு அவ்வளவு மரியாதை. படத்தைப் பிரிய மனசில்ல. நான் ஒரு அதட்டல் போட்டுட்டுக் கட்டிக் கொண்டாந்துட்டேன். பஸ் ஏறுற வரைக்கும் போன் அடிச்சுக்கிட்டே இருந்தா. நான் எடுக்கல.

இந்தா, போன். மதினிதான். ஆங், மதினி, பக்கத்துல வந்துட்டேன். ஆமா, இருக்கு. பத்திரமா இருக்கு. விலக்குக்கு ஏன் வந்தீங்க, யாரையாச்சும் அனுப்பியிருக்கலாம்ல? சரி, சரி.

பாத்தீங்களா, அவளே வந்து நிக்காளாம். பந்தல் நெறைஞ்சிட்டாம். இதைத் தவிர வேற படம் கிடையாது, நாற்காலி சும்மா கெடக்காம். திரையை விலக்கும்போது எல்லாரும் அழணும். மதினி அழணும். என்னைக்காவது ஒரு நாள் அவனைப் பேச வச்சிரணும்னு இருந்தேன், அது நடக்கல. அவன் வீட்டு ஆளுக வாயாலயாவது...

யோவ்! டிரைவரு! ஸ்பீடு பிரேக்கர்னு தெரியாதா ஓய்? படம், படம், பிடிங்க! வேட்டி அவுந்துட்டு. தொடாதீங்க, ஓரத்தைப் பிடிங்க. அப்பாடா. ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகல.

சரி, அவுந்ததுதான் அவுந்துட்டு, பாத்துக்கிடுங்க. மொத ஆளு நீங்கதான். எப்படி இருக்கான் எங்கண்ணன்?

என்ன அண்ணாச்சி, அவனைப் பாருங்கன்னா என்னைப் பாக்கீங்க? ஜாடை இருக்கத்தான் செய்யும். கூடப் பொறந்தவன்லா. என்னது? என் படமா? நல்லாச் சொன்னீங்க போங்க! எனக்கு நானே மாலை போட்டுக்கிடவா இம்புட்டுத் தூரம் சுமந்துக்கிட்டு வாரேன்? நல்லாப் பாருங்க. அந்த நெத்தி அவன் நெத்தி. மூக்கு... மூக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

எங்கே? புருவத்துல என்ன? வெட்டா?

இல்ல, அது பிரஷ் தடம். இருங்க. எனக்கு வெட்டு வலது புருவம். இந்தா, தொட்டுப் பாருங்க. படத்துல இருக்கிறவனுக்கு இடது புருவம்லா! எதிர்ப்பக்கம். அப்புறம் எப்படி நானாவேன்? கண்ணாடியில பாத்தாத்தான் அப்படி...

கண்ணாடியில பாத்துத்தான் போட்டேன்.

அதான் பகவதி தாலியை... சே. அவ மொகமே செத்துப் போச்சு. நான் ஒரு மடையன், அதட்டிட்டு வந்துட்டேன்.

அவனுக்குப் புருவம் முழுசா இருக்கும் அண்ணாச்சி. அழகான புருவம். ஈரமாத்தானே இருக்கு, கட்டைவிரலை வச்சு ஒரு இழுப்பு இழுத்தா வெட்டு போயிரும். யாருக்கும் தெரியாது. இழுக்கட்டா? வெட்டை அழிச்சா அவன் வந்துருவானா? அந்தக் கண்ணைப் பாருங்க, என்னைக் கடிச்சுத் தின்னுற மாதிரி. அவன் அப்படிப் பாத்ததே கிடையாது. வாசல்ல நிப்பான், பாத்துக்கிட்டே நிப்பான், கையை மட்டும் பின்னாடி...

அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். அதிகாரத்துல நிக்கிறவன் கையைப் பின்னாடி கட்டுவான், சரி. பயந்தவனும் பின்னாடிதான் கட்டுவானோ? தன் கைக்கே பயந்தவன்?

சிலேட்டைக் கீழ போட்டா ஓடி வந்து எடுப்பானாம். அந்த ஆளு சொன்னான். மங்கையும் அந்தக் கட்டின கையைச் சொல்லுச்சு. என் காதுல ஏறல. நான் குறையைத்தான் கேட்டேன், அதை அப்படியே கையில குடுத்தாக, சப்புன்னு போச்சுன்னு வந்துட்டேன். என் வெட்டைக் கண்ணாடியில பாத்து நான் ஏசிக்கிட்டிருந்தேன். அவன் அதைத் தூக்கிக்கிட்டே அலைஞ்சிருக்கான்.

விலக்கு வந்துட்டா? இரு ஓய், விசில் அடிக்காத, இறங்குதேன்! வேட்டியை இப்படிப் போடுங்க அண்ணாச்சி, மூஞ்சியை மூடுங்க. தீப்பெட்டி ஒண்ணு விழுந்துட்டு, பரவாயில்ல, பட்டாப் படட்டும். அந்தப் பையையும் குடுங்க. பெயிண்டு, பிரஷ் எல்லாம் அதுலதான் இருக்கு. அங்கே போய்த்தான் போடணும். போட வருமான்னு தெரியல. பந்தல்ல எல்லாரும் காத்துக் கெடக்கட்டும், ஏசினா ஏசட்டும்.

மதினி! இந்தா வந்துட்டேன். இல்ல, இப்பப் பாக்காதீங்க, துணியை எடுக்காதீங்க. மதினி, அழாதீங்க, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அண்ணன் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கிற போட்டோ ஒண்ணு வீட்டுல கெடக்குமா?